மீட்டர்ல 95 காட்டுது, அப்பா மூச்சு முட்டுதுங்கிறாரு, எதை நம்புறது?

குலசேகரம் பக்கத்துல இருந்து ஒரு பெண் எழுதியிருக்காங்க. பேர் போட வேண்டாம்னு கேட்டதால சில விவரங்களையும் மாத்திட்டேன். அப்பாவுக்கு வயசு 69, வாழ்க்கை பூரா ரப்பர் பால் வெட்டுன ஆளு, பீடி பழக்கம் உண்டு. போன வருஷம் வலது நுரையீரல்ல கேன்சர்னு தெரிஞ்சு திருவனந்தபுரத்துல கீமோ குடுத்திருக்காங்க, அப்புறம் நெஞ்சுக்கூட்டுக்குள்ள நீர் சேந்து ரெண்டு மாசம் முன்னாடி ஊசி வழியா ஒண்ணே கால் லிட்டர் எடுத்திருக்காங்க. "இனி கீமோ தாங்க மாட்டாரு, வீட்ல வச்சு பாத்துக்கோங்க, கஷ்டம் இல்லாம இருக்க என்ன செய்யணுமோ செய்வோம்"னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு மாசம் நல்லாதான் போச்சு, காலைல வாசல்ல உக்காந்து பேப்பர் படிச்சிருக்காரு. இப்ப பத்து நாளா மறுபடி மூச்சு முட்டுது, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி "மக்ளே, காத்து கிட்ட மாட்டேங்கு"ங்கிறாரு. விரல்ல ஆக்ஸிஜன் பாக்குற மீட்டர மாட்டுனா 95, 96.

குவைத்துல இருக்குற அண்ணன் வீடியோ கால்ல மீட்டர காட்டச் சொல்லி பாத்துட்டு "95 இருக்கு, இது வெறும் பயம், அவரு சொல்றதுக்கெல்லாம் ஆடாத"ங்கிறாரு, அதே அண்ணன் மறுநாள் "எதுக்கும் ஒரு ஆக்ஸிஜன் மெஷின் வாங்கிருவோம், காசு அனுப்புறேன்"ங்கிறாரு. வீட்டுக்கு வர்ற பாலியேட்டிவ் கேர் (குணப்படுத்த முடியாத நோயில கஷ்டத்தைக் குறைக்கிற சிகிச்சை) நர்ஸ், மார்ஃபின்ங்கிற வலி மருந்து பத்தி டாக்டர்கிட்ட பேசலாம்னு சொல்லியிருக்காங்க, அத்தை "அது கடைசி மருந்து, குடுத்தா ஆளு மூணு நாள் தாங்காது"ன்னு ஒரே பிடியா நிக்கிறாங்க. பக்கத்து வீட்டுக்காரர் நாகர்கோவில்ல ஐசியூல சேக்கச் சொல்றாரு. அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லல, "நெஞ்சுல நீர்"னு மட்டும் சொல்லி வச்சிருக்காங்க. கடைசி வரில கேட்டிருக்காங்க: "டாக்டர், எங்க அப்பா நடிக்கிறாரா? நான் யாரை நம்பணும்?"

உங்க அப்பாவ நம்புங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

நான் அவரை நேர்ல பாக்கல, அதனால இங்க எழுதுறது உங்க டாக்டர்கிட்ட என்ன கேக்கணும், வீட்ல எதை கவனிக்கணும்னு வழி காட்டத்தான், இதையே மருந்துச் சீட்டா எடுத்துக்க வேண்டாம். ஆனா ஒரு விஷயத்துக்கு நேர்ல பாக்கத் தேவையில்ல: மூச்சுத் திணறல்ங்கிறது வலி மாதிரி, அனுபவிக்கிற ஆளுக்கு மட்டும்தான் தெரியும். உலகத்துல எந்த பாலியேட்டிவ் கேர் டாக்டர்கிட்ட கேட்டாலும் நோயாளி வாயால சொல்றதுதான் முதல் அளவு, மெஷின் காட்டுறது ரெண்டாவதுன்னுதான் சொல்லுவாங்க. தலைவலிங்கிற ஆளுக்கு பிபி நார்மலா இருக்குன்னு சொல்லி "உனக்கு தலை வலிக்கல"ன்னு யாராச்சும் சொல்வாங்களா, அதே கணக்குதான் இது.

மீட்டர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கொரோனா சமயத்துல வீட்டுக்கு வீடு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கினோம், 94க்கு கீழ போனா ஆஸ்பத்திரின்னு மனசுல பதிஞ்சிருச்சு, அந்த நம்பர் பயம் இன்னும் போகல. அந்த மீட்டர் செய்யறது ஒரே வேலை, விரலுக்குள்ள வெளிச்சத்தை விட்டு, ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின்ல எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனை ஏத்திக்கிட்டு இருக்குன்னு கணக்கு போடுது, அவ்வளவுதான். அந்த 95ஐ பிடிச்சு வைக்க உங்க அப்பாவோட நெஞ்சுத் தசை எவ்வளவு பாடுபடுதுன்னு அதுக்குத் தெரியாது. ரத்தமே குறைஞ்சு ஹீமோகுளோபின் 6ல இருக்குற ஆளுக்கும் 98 காட்டும், இருக்குற கொஞ்ச ஹீமோகுளோபின் நிறைஞ்சு இருந்தா போதும் அதுக்கு. கார்பன் டை ஆக்ஸைடு ஏறினாலும் சொல்லாது. இதுபோக விரல் சில்லுன்னு இருந்தா, நகத்துல மருதாணியோ பாலிஷோ இருந்தா, கை நடுங்கினா தப்பாவும் காட்டும், கறுத்த தோலுக்கு உள்ளத விட கொஞ்சம் கூட்டிக் காட்டுறதும் உண்டு.

உங்க அப்பா மாதிரி நெஞ்சுக்கூட்டுக்குள்ள நீர் சேருற ஆளுங்ககிட்ட இதை தெளிவா பாக்கலாம். நீர் நுரையீரலை மட்டும் அமுக்கல, கீழ இருக்குற உதரவிதானத் தசையையும் கீழ தள்ளுது, அந்தத் தசை வளைவு கெட்டுப்போய் ஒவ்வொரு மூச்சுக்கும் ரெண்டு மடங்கு பாடுபடணும். மூளை "இவ்வளவு இழுத்தும் இவ்வளவுதான் காத்து வருதா"ன்னு அலாரம் அடிக்குது, அதுதான் அவர் சொல்ற "காத்து கிட்ட மாட்டேங்கு". நீரை எடுத்த உடனே பல பேருக்கு மீட்டர் நம்பர் பெருசா மாறாது, ஆனா முகமே மாறிரும். ரெண்டு மாசம் முன்னாடி உங்க அப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

அண்ணன் "வெறும் பயம்"னாரு இல்லையா, பாதி சரி. பயம் கண்டிப்பா இருக்கும். ஆனா பயம் வந்ததால மூச்சு முட்டல, மூச்சு முட்டுனதால பயம் வந்துச்சு, அந்தப் பயம் மூச்சை இன்னும் வேகமாக்குது, வேகமா விட்ட மூச்சு மேலாக்கத்தான் போகும், அதனால இன்னும் முட்டுது. எங்கயாவது ஒரு இடத்துல இந்தச் சுத்தை அறுக்கணும். "சும்மா பயப்படாத"ன்னு சொன்னா அறாது.

அப்பாகிட்ட எப்படிக் கேக்கணும்

"இப்ப எப்படி இருக்கு"ன்னு பொதுவா கேட்டா நம்ம ஊர் ஆம்பளைங்க "கொழப்பமில்ல"ன்னுதான் சொல்லுவாங்க, அதுலயும் பால் வெட்டி வளர்ந்த ஆளு மகள் மனசு நோகக் கூடாதுன்னு இன்னும் குறைச்சுத்தான் சொல்வாரு. அதனால நம்பர் கேளுங்க. "அப்பா, மூச்சுக்கு ஒரு கஷ்டமும் இல்லன்னா 0, இதுக்கு மேல தாங்க முடியாதுன்னா 10, இப்ப எத்தனை?" இப்ப எத்தனைன்னு ஒண்ணு, நேத்துல இருந்து ரொம்ப மோசமா இருந்தப்ப எத்தனைன்னு ஒண்ணு. நம்பர் சரிப்பட்டு வரலன்னா விடுங்க, "கொஞ்சமா, நடுத்தரமா, ரொம்பவா, தாங்கவே முடியலயா"ன்னு நாலு பேச்சுல கேட்டா போதும், தினமும் ஒரே மாதிரி கேக்குறதுதான் முக்கியம்.

இன்னொரு கேள்வி இருக்கு, அதை நிறைய டாக்டர்களே விட்டுருவாங்க. எவ்வளவு முட்டுதுங்கிறது வேற, அது அவரை எவ்வளவு தொந்தரவு பண்ணுதுங்கிறது வேற. 6ன்னு சொல்லிட்டு அமைதியா டிவி பாக்குறவங்க உண்டு, 4ன்னு சொல்லிட்டு ராத்திரி பூரா கட்டில் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குறவங்களும் உண்டு, எனக்கு ரெண்டாவது ஆளுதான் அவசரம். "இதனால என்ன செய்ய முடியாம போச்சு அப்பா?"ன்னு கேளுங்க. "குளிக்க முடியல", "பேரப்பிள்ளைகிட்ட பேச முடியல", "சாப்பிடும்போது முட்டுது"ன்னு வரும். சிகிச்சையோட குறி அங்கதான் இருக்கணும், 95ஐ 98 ஆக்குறதுல இல்ல.

கூடவே அவர் அறியாம நீங்க பாக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. ஒரு முழு நிமிஷம் வாட்ச்ச வச்சு மூச்சு எண்ணுங்க, எண்ணுறது தெரிஞ்சா மாத்தி விடுவாரு, அதனால நாடி பிடிக்கிற மாதிரி கையப் பிடிச்சுக்கிட்டு எண்ணுங்க. சும்மா இருக்கும்போது பெரியவங்களுக்கு 12ல இருந்து 20 வரைக்கும் சாதாரணம். ஒரு மூச்சுல எத்தனை வார்த்தை பேசுறாரு, முழுசா ஒரு வாக்கியம் வருதா, மூணு வார்த்தைக்கு ஒருக்கா நிறுத்துறாரான்னு பாருங்க. கழுத்து நரம்பு புடைச்சு தோள் ஏறி இறங்குதா, மூக்குத் துவாரம் விரியுதா, மூச்சு விடும்போது முனகல் இருக்கா, முகத்துல மிரட்சி தெரியுதா. பேச முடியாம மயக்கத்துல இருக்குற நோயாளிகளுக்கு மூச்சுத் திணறலை அளக்க நாங்க பாக்குறதும் இதே அடையாளங்களைத்தான், கூட நாடித் துடிப்பும் நிலைகொள்ளாத் தன்மையும் சேரும். பின்னாடி ஒரு நாள் அப்பாவால பேச முடியாம போனா உங்களுக்கும் இது உதவும்.

ஒரு நோட்டுல மூணு நாளைக்கு எழுதுங்க: மணி, அவர் சொன்ன நம்பர், அப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாரு, எதுல கொஞ்சம் குறைஞ்சுது. மீட்டர் நம்பரையும் ஒரு ஓரமா எழுதுங்க, தப்பில்ல, ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு தடவைக்கு மேல மாட்டாதீங்க. மீட்டர மாட்டும்போதெல்லாம் வீட்டு ஆளுங்க மூஞ்சி மாறுறதை அவர் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு.

நீங்க போற போக்குல எழுதின ஒரு வரி

கடிதத்துல ரெண்டாவது பக்கத்துல "இப்பெல்லாம் படுக்கவே மாட்டேங்கிறாரு, வலது பக்கமா சாஞ்சு தலகாணிய கட்டிப்பிடிச்சு உக்காந்தே தூங்குறாரு"ன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு உங்க கடிதத்துலயே பெரிய விஷயம் அதுதான். நீர் எடுத்து ஒரு மாசம் நல்லா இருந்தாரு, இப்ப பத்து நாளா கொஞ்சம் கொஞ்சமா கூடுது, படுத்தா முட்டுது, நீர் இருந்த அதே பக்கமாவே சாயுறாரு. மறுபடியும் நீர் சேந்திருக்க வாய்ப்பு அதிகம். கேன்சரால வர்ற நீர் திரும்பத் திரும்ப சேருறது சாதாரணம்தான், யாரும் தப்பா எதுவும் பண்ணல.

"பாலியேட்டிவ்னு சொல்லிட்டாங்களே, இனி ஸ்கேன் எதுக்கு, டெஸ்ட் எதுக்கு"ன்னு நீங்க நினைச்சிருக்கீங்க, அதை மட்டும் மாத்திக்கோங்க. பாலியேட்டிவ் கேர்னா ஒண்ணுமே செய்யாம விடுறதில்ல, நோயைக் குணப்படுத்த முடியாட்டியும் மூச்சு முட்டுற காரணத்தை சரி பண்ண முடியுமான்னு ஒவ்வொரு தடவையும் பாக்கணும். நீரா, நெஞ்சுச் சளியில கிருமியா, ரத்தம் குறைஞ்சதா, பீடியால வர்ற இழுப்பா, இதயம் பலவீனமாகி கால் வீங்குதா, நுரையீரல் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கா, வயித்துல நீரா, நாலு நாளா மலம் போகாம வயிறு உப்பி மேல தள்ளுதா, இப்படி ஒரு வரிசை இருக்கு. கடைசியா சொன்னதைக் கேட்டு சிரிக்காதீங்க, அது நிறைய நடக்குது.

அதனால முதல் வேலை, நெஞ்சுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ஊசி குத்த வேண்டியதில்ல, படுக்கவும் வேண்டாம், உக்காந்த மேனிக்கே எடுக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில பாக்கலாம், இல்லன்னா ஏற்கெனவே பாத்த இடத்துலயே கேளுங்க, எங்க போனாலும் பழைய ஃபைல் பூராவும் கையில இருக்கணும், அங்க எடுத்த நீர் எவ்வளவு, என்னைக்குன்னு அதுல இருக்கும். கூட ஒரு ஹீமோகுளோபின், கிட்னிக்கு ஒரு கிரியேட்டினின் பாத்தா போதும். பெருசா சிடி, பெட் ஸ்கேன்னு யாராச்சும் எழுதினா "இதுல தெரிஞ்சா சிகிச்சையில என்ன மாறும்?"னு கேளுங்க. ஒண்ணும் மாறாதுன்னா வேண்டாம்.

நீர் இருந்தா ஸ்கேன் பாத்துக்கிட்டே மரக்க ஊசி போட்டு எடுப்பாங்க. ஒரே தடவையில எல்லாத்தையும் எடுக்கச் சொல்லி நெருக்காதீங்க, ஒன்றரை லிட்டருக்கு மேல வேகமா எடுத்தா அமுங்கிக் கிடந்த நுரையீரல் திடீர்னு விரிஞ்சு அதுக்குள்ளயே நீர் கோத்துக்க வாய்ப்பு இருக்கு. திரும்பத் திரும்ப சேருதுன்னா ரெண்டு வழி. நுரையீரலையும் நெஞ்சுக்கூட்டையும் ஒட்ட வைக்க டால்க் பவுடர் செலுத்துறது ஒண்ணு, அதுக்கு நுரையீரல் நல்லா விரியணும், நாலஞ்சு நாள் ஆஸ்பத்திரில கிடக்க வேண்டி வரலாம். மெல்லிசா ஒரு குழாயை நிரந்தரமா வச்சு வீட்லயே அப்பப்ப வடிக்கிறது இன்னொண்ணு, செலவு கூட, சுத்தமா பாத்துக்கணும். அவரால இன்னும் வாசல் வரைக்கும் நடக்க முடியுது, பேப்பர் கேக்குறாருன்னா ஒரு தடவ எடுத்துப் பாக்குறது நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன். படுத்த படுக்கையாகி, சாப்பாடு நின்னு, நாள் கணக்குல இருக்குன்னு ஆனா அந்தக் கார் பயணமே வேண்டாம், மருந்துலயே பாத்துக்கலாம்.

ஆக்ஸிஜன் மெஷின்

அண்ணன் பாசத்துல சொல்றாரு, தூரத்துல இருக்குறவங்களுக்கு காசு அனுப்புறதுதான் கையில இருக்குற ஒரே வழி, அதைக் குத்தம் சொல்லல. ஆனா ரத்தத்துல ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்குறவங்களுக்கு மேல ஆக்ஸிஜன் குடுத்தா மூச்சுத் திணறல் குறையறதில்ல. இதை சோதிச்சே பாத்திருக்காங்க, 2010ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு: முத்தின நோயில இருக்குற, ஆக்ஸிஜன் குறையாத ஆளுங்க 239 பேர்ல பாதிப் பேருக்கு மெஷின்ல இருந்து ஆக்ஸிஜன், பாதிப் பேருக்கு அதே மாதிரி மெஷின்ல இருந்து சாதாரண காத்து, யாருக்கு எதுன்னு யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் கழிச்சு பாத்தா ரெண்டு பக்கமும் ஒரே அளவு. சும்மா காத்து மூக்குல பட்டதுக்கே கொஞ்சம் சுகம் கிடைச்சிருக்கு.

அந்தக் காத்துக்கு மெஷின் தேவையில்ல, டேபிள் ஃபேன் போதும். கன்னத்துலயும் மூக்கைச் சுத்தியும் குளிர்ந்த காத்து படும்போது அங்க இருக்குற நரம்பு மூளைக்கு "காத்து வருது"ன்னு சொல்லுது, முட்டல் குறையுது. சீலிங் ஃபேன் போதாது, முகத்துக்கு நேரா ஒரு முழம் தள்ளி வைங்க, இல்லன்னா கையில பிடிக்கிற பேட்டரி ஃபேனை அவர் கையிலயே குடுத்துருங்க, தானே போட்டு தானே நிறுத்துறது ஒரு தைரியம்.

மீட்டர் 90க்கு கீழயே நிக்குதுன்னா கதை வேற, அப்ப டாக்டர் சொல்ற அளவுல ஆக்ஸிஜன் வச்சுப் பாக்கலாம், அவர் சொல்ற நம்பர் குறைஞ்சா தொடரலாம், இல்லன்னா எடுத்துரலாம். பீடியால நுரையீரல் கெட்டவங்களுக்கு 88ல இருந்து 92 போதும், 99 ஆக்கணும்னு திருகி விட்டா கெடுதல்தான். இன்னொண்ணு, ஆக்ஸிஜன் ஓடுற அறையில பீடி, சாமி விளக்கு, கொசுவத்தி எதுவும் கூடாது. மழைக்காலத்துல உங்க பக்கம் கறண்ட் போனா எத்தனை மணி நேரம் கழிச்சு வரும்னு உங்களுக்கே தெரியும், மெஷினை மட்டும் நம்பிப் பழகிட்ட ஆளுக்கு அந்த இருட்டு ரொம்ப கொடுமை.

மார்ஃபின் பத்தி அத்தை சொன்னது

அத்தை பொய் சொல்லல, அவங்க பாத்ததை சொல்றாங்க. நம்ம ஊர்ல மார்ஃபின் பெரும்பாலும் கடைசி மூணு நாள்லதான் குடுக்கப்பட்டிருக்கு, அதனால மூணு நாள்ல போனது மார்ஃபினாலன்னு கணக்காயிருச்சு. மூச்சுத் திணறலுக்கு ஆரம்பிக்கிற அளவு வலிக்கு குடுக்குறதை விடக் குறைவு, வாய் வழியா 2.5 மில்லிகிராம் அளவுலதான் பொதுவா தொடங்குவோம், பாத்துப் பாத்து ஏத்துவோம். அந்த மாதிரி கவனமா குடுக்கும்போது அது மூச்சை நிறுத்துறதுமில்ல, ஆயுசைக் குறைக்கிறதுமில்ல. மூளையில அடிக்கிற அந்த அலாரம் சத்தத்தைத்தான் குறைக்குது. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன், கேன்சர் இல்லாம வெறும் பீடி நுரையீரல் உள்ளவங்களுக்கு ஆராய்ச்சியில அவ்வளவு பலன் தெரியல, ஆனா உங்க அப்பா மாதிரி நிலைமையில காரணத்தை சரி பண்ணியும் முட்டுனா முயற்சி பண்ணலாம்.

தொந்தரவு உண்டு. மலச்சிக்கல் கண்டிப்பா வரும், அதனால முதல் நாள்ல இருந்தே அதுக்கும் மருந்து கேட்டு வாங்குங்க. முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கும், பெரும்பாலும் தானா குறையும். கிட்னி சரியில்லன்னா அளவு மாறும், கிரியேட்டினின் பாக்கச் சொன்னது அதுக்குத்தான். கடிதத்துல மச்சினன் ஒரு தூக்க மாத்திரை குடுத்துப் பாத்தாருன்னு ஒரு வரி இருக்கு, அதை உடனே நிறுத்தச் சொல்லுங்க. மார்ஃபினோட டாக்டரைக் கேக்காம தூக்க மாத்திரை சேந்தா அத்தை பயப்படுறது உண்மையாயிரும்.

மார்ஃபின் சாதாரண மெடிக்கல் ஷாப்ல கேட்டா கிடைக்காது. 1985 போதைப்பொருள் சட்டத்துல கட்டுப்பாடு ரொம்ப இறுக்கமா இருந்துச்சு, 2014ல சட்டத்தைத் திருத்தி அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வழியா குடுக்கலாம்னு எளிமையாக்கினாங்க. டாக்டர் எழுதி வாங்கி வீட்ல வச்சிருக்குறது குத்தம் இல்ல, சீட்டை பத்திரமா வைங்க, மாத்திரையைப் பூட்டி வைங்க, மிச்சம் வந்தா வாங்கின இடத்துலயே திருப்பிக் குடுங்க. 2021ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கு வந்து பாக்குற பாலியேட்டிவ் கேரும் உண்டு, உங்களுக்கு நர்ஸ் ஏற்கெனவே வர்றாங்க, அவங்ககிட்டயே எந்த ஆஸ்பத்திரில மார்ஃபின் இருக்குன்னு கேளுங்க.

திடீர்னு முட்டும்போது

ராத்திரி ரெண்டு மணிக்கு கூப்பிட்டா லைட்டைப் போட்டு எல்லாரையும் எழுப்பி கட்டிலைச் சுத்தி நிக்காதீங்க. ஒரே ஆள் போதும். கட்டில் ஓரத்துல கால் தொங்கப் போட்டு உக்கார வச்சு, முன்னாடி ஒரு ஸ்டூல்ல ரெண்டு தலகாணி அடுக்கி அதுல கையை ஊன்றிக் குனியச் சொல்லுங்க, ஜன்னலைத் திறங்க, ஃபேனை முகத்துக்குத் திருப்புங்க. முதுகுல கை வச்சு, மூச்சை இழுக்கச் சொல்லாம மெதுவா வெளிய விடச் சொல்லுங்க. விட்டா இழுக்குறது தானா நடக்கும். டாக்டர் எழுதிக் குடுத்த அவசர மருந்து இருந்தா அதைக் குடுங்க. கால் மணி, இருபது நிமிஷத்துல அடங்கலன்னா நர்ஸுக்கோ டாக்டருக்கோ போன் பண்ணுங்க.

ஆனா உக்காந்திருக்கும்போதே சட்டுனு முட்டி நெஞ்சு குத்துது, இருமலோட ரத்தம் நிறைய வருது, மூச்சு இழுக்கும்போது தொண்டையில கீச்சுன்னு சத்தம், முகமும் கழுத்தும் வீங்குது, காய்ச்சலோட உளறுறாரு, இதுல எது வந்தாலும் காத்திருக்காதீங்க, 108ஐக் கூப்பிடுங்க. வண்டியில மல்லாக்கப் படுக்க வைக்க விடாதீங்க, சாஞ்சு உக்காந்த மேனிக்கே கொண்டு போகலாம்னு சொல்லுங்க.

ஐசியூவும், சொல்லாம வச்சிருக்குற விஷயமும்

ஆஸ்பத்திரிக்குப் போறது வேற, ஐசியூவுல வென்டிலேட்டர் வைக்கிறது வேற. நீர் எடுக்க, கிருமிக்கு ஊசி போட சாதாரண வார்டு போதும். முத்தின நுரையீரல் கேன்சர்ல வென்டிலேட்டர் வச்சா நோய் பின்வாங்காது, குழாயை எடுக்க முடியாம, பேச முடியாம, உங்களை உள்ள விடாம போயிரும். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனசுலதான் சொல்றாரு, ஆனா முடிவு அவர் எடுக்க வேண்டியதில்ல, அண்ணனோ நீங்களோ கூட இல்ல. புத்தி தெளிவா இருக்குற நோயாளிக்கு தனக்கு எந்த சிகிச்சை வேண்டாம்னு சொல்ல உரிமை உண்டு. 2018ல உச்ச நீதிமன்றம் இதை கண்ணியத்தோட வாழுற உரிமையோட சேத்தே தீர்ப்பு சொன்னுச்சு. முன்கூட்டியே எழுதி வைக்கவும் வழி இருக்கு, 2023ல அதை இன்னும் எளிமையாக்கினாங்க, ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்துப் போட்டு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்று பண்ணா போதும்.

இதுக்கு அப்பாகிட்ட பேசியாகணும், பேசணும்னா அவருக்கு நோய் தெரியணும். தெரியாதுன்னு நீங்க நினைக்கிறீங்க. திருவனந்தபுரத்துல கீமோ வார்டுல உக்காந்து ட்ரிப் ஏத்திக்கிட்ட மனுஷனுக்கு, சுத்தி இருந்த ஆளுங்களைப் பாத்த மனுஷனுக்கு ஒண்ணும் தெரியாம இருக்குமா? பெரும்பாலும் அவங்களுக்குத் தெரியும், தனக்குத் தெரியாதுன்னு நினைச்சு நாம நிம்மதியா இருக்கட்டும்னு விட்டிருப்பாங்க. போட்டு உடைக்கச் சொல்லல. "அப்பா, இந்த மூச்சு முட்டலை நினைச்சா உங்களுக்கு என்ன தோணுது?"னு ஒரு தடவ கேட்டுட்டு சும்மா இருங்க. "ஒண்ணுமில்ல"ன்னா விட்டுருங்க, இன்னொரு நாள் கேளுங்க. "மூச்சு நின்னு போயிருமோ"ன்னு சொன்னாருன்னா "அப்படியெல்லாம் பேசாதீங்க"ன்னு வாயை அடைச்சிராதீங்க, முட்டாம பாத்துக்க மருந்து இருக்கு, நான் கூட இருப்பேன்னு சொல்லுங்க, ரெண்டும் உண்மைதான். விவரமா சொல்ல வேண்டியதுக்கு நர்ஸையோ டாக்டரையோ கூட வச்சுக்கோங்க.

அண்ணன்கிட்ட

வீடியோ கால்ல மீட்டரைக் காட்டுறதை நிறுத்துங்க, போனை அப்பா கையில குடுங்க, ஊர்க்கதை பேசட்டும், நம்பர் நோட்டுல இருந்து தனியா போட்டோ எடுத்து அனுப்பலாம். மெஷினுக்கு ஒதுக்கின காசை அப்படியே அனுப்பச் சொல்லுங்க, செலவு இருக்கு: நாளைக்கோ நாளன்னைக்கோ ஸ்கேனுக்கு போக கார், நல்ல டேபிள் ஃபேன், கறண்ட் போனாலும் அது ஓட ஒரு சின்ன இன்வெர்ட்டர், கட்டில் பக்கத்துலயே போட கமோடு சேர், குளிக்க உக்காருற மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதுபோக வாரத்துல மூணு ராத்திரியாவது அப்பா பக்கத்துல இருக்க தெரிஞ்ச ஆளு ஒருத்தரை சம்பளத்துக்கு வைங்க. பத்து நாளா நீங்களும் தூங்கலன்னு கடிதத்துல எங்கயும் எழுதல, ஆனா அனுப்பின நேரம் அதிகாலை 3.40ன்னு இருக்கு.